ஞாயிறு நாலு மணி, ஆற்றுக் குளியல்

நொச்சிக்கோட்டைக்கு ஆறு திரும்பி வந்தது ஆவணி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, மாலை சரியாக நாலு மணிக்கு. மழை பெய்து வரவில்லை, மேற்கே எந்த அணையைத் திறந்துவிட்டும் வரவில்லை. யோகராணி தன் செயலியில் பன்னிரண்டாவது கட்டத்தை நிரப்ப வேறொன்றும் கிடைக்காமல் ‘ஞாயிறு நாலு மணி, ஆற்றுக் குளியல்’ என்று எழுதி வைத்திருந்தாள், வெளியூரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளில் நாற்பத்தோரு பேர் அதன் கீழே இருந்த ‘வாரேன்’ என்ற பொத்தானை அமுக்கியிருந்தார்கள், அதனால் வந்தது.

யோகராணி வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரு தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். ஊருக்கு வெளியே இருந்த பொறியியல் கல்லூரியில் மூன்று வருடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். அவளும் தமிழ்தான் பேசினாள், அவளும் அந்த ஊர்க்காரர்களின் நிறம்தான், ஆனாலும் முதல் வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கு ஒன்றுபோலவே கழிந்தன. விடுதியின் கதவைப் பத்து மணிக்குத் திறப்பார்கள், சொந்தக்காரர் உள்ளவர்கள் எல்லாம் போய்விடுவார்கள், அவள் பேருந்து நிலையம் வரை நடந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு, வருகிற போகிற பேருந்துகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துவிட்டுத் திரும்பி வருவாள். ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர்கூட அவளிடம் ‘சாப்ட்டியா’ என்று கேட்கவில்லை. அதனால்தான் கடைசி வருடத்துச் செய்முறைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று பேராசிரியர் ஆவுடையப்பன் கேட்டபோது, புதிதாக வரும் பிள்ளைகள் விடுமுறை நாளில் எங்கே போகலாம், யாரோடு சேரலாம், என்ன செய்யலாம் என்று சொல்லித்தரும் ஒரு செயலி செய்கிறேன் என்றாள்.

இரண்டு மாதம் ஊரைச் சுற்றினாள். அரிசி ஆலைக்குப் பின்னால் கபடி ஆடுகிறவர்களிடமும், பூக்கட்டும் தெருவிலும், தேவாலயத்துப் பாட்டுக் குழுவிலும், பாத்துமுத்துவின் இடியாப்பக் கடையிலும் போய் நின்று, “புதுசா வந்த பிள்ளைங்க இங்க வந்து கூட இருந்து கத்துக்கலாமா?” என்று கேட்டாள். எல்லோரும் கைவேலையிலிருந்து தலையைத் தூக்காமலே, “வரட்டும், யாரு வேண்டாம்னா” என்றார்கள். அப்படிப் பதினொன்று தேறியது.

“பன்னெண்டு வேணும்மா,” என்றார் ஆவுடையப்பன். “திரையில மூணு வரிசை, நாலு நாலு கட்டம். பதினொண்ணு இருந்தா பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு.”

ஆறு வற்றி இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. மணலை லாரிகள் அள்ளிப் போயிருந்தன, மிச்சத்தைச் சீமைக் கருவேலம் பிடித்திருந்தது. படித்துறை மட்டும் எதற்கோ காத்திருப்பதுபோல் இருந்தது. சாயங்காலம் பிள்ளைகள் அந்தப் படியில் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும், குளியல் என்று போட்டால் சிரித்துக்கொண்டாவது வருவார்கள் என்று நினைத்துத்தான் அவள் அதை எழுதினாள்.

ஆறு அவசரப்படாமல் வந்தது. பந்தி முடிந்த பிறகு கல்யாண வீட்டுக்கு வருகிற பங்காளியைப் போல யார் முகத்தையும் பார்க்காமல் வந்து, கருவேல மரங்களின் இடுப்பளவு ஏறி, ஐந்தாம் படியில் நின்றது. பீகாரிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் அந்தமானிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் செயலியில் போட்டபடிதானே நடக்கிறது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிக் குளித்தார்கள். சத்தம் கேட்டு ஊர் ஓடிவந்தது. கடையைத் திறந்துபோட்டு வந்தவர்கள், பாதிச் சவரத்தோடு வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் எல்லோரும் உடுத்திய துணியோடு தண்ணீருக்குள் விழுந்தார்கள். விழுந்து, முங்கி, அழுது, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, மூச்சுத் திணறி எழுந்து பார்த்தபோது ஊர்க்காரர் ஒருவருக்கும் ஒரு மயிர்க்கால்கூட நனையவில்லை. நெற்றியில் வைத்த திருநீறு கலையவில்லை. சட்டைப் பையில் இருந்த தீப்பெட்டியை உரசினால் பற்றியது. குடத்தை முக்கித் தூக்கினால் வெறுங்குடம் வந்தது. புதுப் பிள்ளைகள் மட்டும் தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட நின்றார்கள், அவர்கள் மொண்ட குடத்தில் தண்ணீர் தளும்பியது, அந்தத் தண்ணீரை யார் குடித்தாலும் தொண்டை நனைந்தது.

ஆறரை மணிக்கு ஆறு போய்விட்டது. அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு மறுபடி வந்தது.

இதை வியப்பதற்கு ஊருக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. பிறகு யார் நனைகிறார்கள், யார் நனையவில்லை என்று பார்க்கத் தொடங்கினார்கள். சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி மேலாளர் நனைந்தார், அது சரி என்றார்கள். பானிபூரி விற்கிறவர் நனைந்தார், அதுவும் சரி என்றார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருடமான ஒரு மருமகள், இரண்டு பிள்ளை பெற்றவள், படியில் கால் வைத்ததும் சேலை முழங்கால் வரை நனைந்து ஒட்டியது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள், மருமகள் பின்னாலேயே சொட்டிக்கொண்டு போனாள். வாய்க்காலுக்கு அப்புறம் இருந்த கீழத்தெருக்காரர்கள், அந்தப் படித்துறைக் கல்லைச் சுமந்து வந்து போட்டவர்களின் பேரன் பேத்திகள், எல்லோரும் நனைந்தார்கள். அதைப் பற்றி மட்டும் ஊரில் யாரும் பேசவில்லை. ஊருக்குத் தண்ணீர் மொண்டு தர முடியுமா என்று கேட்டுப் போன ஆளிடம், “எங்க பாட்டனாரை ஊர்க்கிணத்துல கயிறு விட விடாதவங்களுக்கு நாங்க எதுக்கு மொள்ளணும்?” என்று கேட்டுவிட்டுத் தங்கள் தெருவுக்கு மட்டும் மொண்டுகொண்டு போனார்கள்.

யோகராணி தானும் நனைய மாட்டோம் என்றுதான் இறங்கினாள். மூன்று வருடம், இந்த ஊர் டீ, இந்த ஊர் வெயில், இந்த ஊர்த் தெருக்கள் அத்தனையும் அவள் விரல் நுனியில். கால் வைத்ததும் குளிர் எலும்பு வரை ஏறியது. நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. அவள் நனைவாள் என்று அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஆக, ஊருக்குத் தண்ணீர் தர அந்த நாற்பத்தோரு பிள்ளைகள் மிஞ்சினார்கள். ஞாயிறு நாலு மணிக்குப் படித்துறையில் குடங்கள் வரிசையாக நிற்கும், பிள்ளைகள் மொண்டு மொண்டு வைப்பார்கள். முதலில் அது பிள்ளைகளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தெருவில் போனால் “வாங்க தம்பி”, “வாம்மா” என்றார்கள். செயலியில் இருந்த பன்னிரண்டு கட்டமும் நிரம்பி வழிந்தன. கபடிக்காரர்கள் இப்போது தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

மணிப்பூரிலிருந்து வந்த லிந்தோய் முதல் வருடத்துப் பெண், பத்தொன்பது வயது. மூன்றாவது கட்டத்தை அமுக்கிப் பாத்துமுத்துவின் கடைக்கு வந்தவள். பாத்துமுத்து புருஷனை இழந்தவள், ஒரே மகன் வெளிநாட்டில், பேச ஆள் இல்லாமல் இடியாப்ப உரலோடு பேசிக்கொண்டிருந்தவள். முதல் நாள் லிந்தோய் பிழிந்த இடியாப்பம் கயிற்று முடிச்சு மாதிரி விழுந்தது. பாத்துமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அந்தப் பெண்ணும் சிரித்தாள். அடுத்த வாரம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் போல ‘சாச்சி’ என்று, சித்தி முறை வைத்துக் கூப்பிடக் கற்றுக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் பாத்துமுத்து அவள் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு, “உங்கம்மா பேரு என்ன? அவ இப்ப என்ன செஞ்சுட்டிருப்பா?” என்று கேட்டாள். லிந்தோய் தெரிந்த தமிழில் தன் அம்மாவைப் பற்றி எல்லாம் சொன்னாள்.

ஏழாவது ஞாயிற்றுக்கிழமை லிந்தோய் ஆற்றில் முங்கி எழுந்தபோது அவள் முடி காற்றில் பறந்தது. கையால் தொட்டுப் பார்த்தாள். குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள், ஒரு சொட்டு இல்லை. யோகராணியைத் தேடி ஓடிவந்தாள்.

“அக்கா, பாரு! நனையல! எனக்கு நனையல!”

தான் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டது, ஊரில் வேறு யாருக்கும் புரிவதற்கு முன்னால் லிந்தோய்க்குத்தான் புரிந்தது. வரிசையில் குடத்தோடு நின்ற பெண்கள் அவளைப் பார்த்த பார்வையை அவள் பார்க்கவில்லை, நேராகப் பாத்துமுத்துவின் கடைக்கு ஓடினாள்.

“நல்லது,” என்றாள் யோகராணி அவள் முதுகைப் பார்த்து. அந்தச் சொல் அவள் நாக்கில் பாகற்காய் போலக் கசந்தது. ஏழு வாரம்.

கார்த்திகை பிறப்பதற்குள் பதின்மூன்று பேர் காய்ந்துவிட்டார்கள். கபடிக்குப் போன பீகார்ப் பையன் ஒருவன், பாட்டுக் குழுவில் சேர்ந்த தான்சானியாக்காரன் ஒருவன், பூக்கட்டும் தெருவில் ஒரு கிழவி தத்தெடுக்காத குறையாக வைத்துக்கொண்ட அந்தமான் பெண் ஒருத்தி, இப்படி ஒவ்வொருவராக. வரிசையின் கடைசியில் வெறுங்குடங்கள் நிற்கத் தொடங்கின. வீட்டுக்கு வீடு, ‘யாரு அந்தப் பையனுக்குச் சோறு போட்டது?’ என்று சண்டை வந்தது.

பேரூராட்சித் தலைவி சண்முகக்கனி ஊரைக் கூட்டினாள். அவள் கெட்டவள் இல்லை. லாரித் தண்ணீருக்கு ஓடி, விழுந்து, முன்பல் உடைந்தவள். “நான் சொல்லுதது கசப்பாத்தான் இருக்கும்,” என்றாள். “அந்தப் பிள்ளைங்க புதுசா இருக்கிற வரைக்கும்தான் நமக்குத் தண்ணி. பழகுனா போச்சு. அதனால இனிமே யாரும் அதுகள வீட்டுக்குக் கூப்பிடப்படாது. அப்பா அம்மாவப் பத்திக் கேக்கப்படாது. பேரச் சொல்லிக் கூப்பிடப்படாது. அடிக்க வேண்டாம், வைய வேண்டாம். பழகாம இருங்க, அது போதும்.”

கூட்டத்தில் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அதில் சிரமம் எதுவும் இல்லை, காலகாலமாகச் செய்துவந்ததுதான், இப்போது அதைத் தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம் யோகராணியைப் பேரூராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப்போனார் ஆவுடையப்பன். சண்முகக்கனி அவளுக்கு நாற்காலி போடச் சொன்னாள், மோர் கொடுத்தாள்.

“உன் ஆப்பு நல்ல ஆப்புதாம்மா. ஆனா அதுல ஒரே பிள்ள ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவுதே, அதை மாத்த முடியுமா?”

“மாத்தலாம்,” என்றார் ஆவுடையப்பன். “ஒரு தடவை போன இடத்த மறுதடவை காட்டாம வச்சிரலாம். பேருக்குப் பதிலா நம்பரு வச்சிரலாம். நாலு வரி மாத்துற வேலை.”

யோகராணி மோரைக் கீழே வைத்தாள். “சார், இதை நான் செஞ்சதே அவங்க பழகணும்னுதான்.”

“தெரியும்மா.”

“நீங்க கேக்கறது அதுக்கு நேர் எதிர்.”

“எனக்கு மட்டும் ஆசையா?” என்றாள் சண்முகக்கனி. “மூவாயிரம் வீடு. இருபத்தாறு வருசமாச்சு, இந்த ஊருல ஒரு பிள்ளைக்குக்கூட நீச்சல் தெரியாது. அந்தப் பிள்ளைங்க நாலு வருசத்துல பட்டத்த வாங்கிட்டுப் போயிரும். நாங்க எங்க போவோம்?” பிறகு குரலைத் தாழ்த்தி, யோகராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ இங்கேயே இருக்கப் போறவ. கல்லூரியில உன்ன வேலைக்கு வச்சுக்கிடச் சொல்லியாச்சு. இத மட்டும் செஞ்சு குடுத்துட்டேன்னு வையி, அப்புறம் நீ நம்ம பிள்ளதான், தாயி.”

அந்த ஊரில் யாரும் அதுவரை அவள் கையைப் பிடித்ததில்லை. உள்ளங்கை சொரசொரப்பாகவும் சூடாகவும் இருந்தது. எழுந்து போயிருக்கலாம், முடியாது என்றிருக்கலாம், அவளுக்கு அதற்கான சொற்களும் தெரிந்திருந்தன. ஆனால் அந்நேரம் அவள் மனதில் நின்றது, காய்ந்த முடி காற்றில் பறக்க, ‘எனக்கு நனையல’ என்று கத்திக்கொண்டு ஓடிய ஒரு பத்தொன்பது வயசுப் பெண்ணின் முதுகு. தான் மூன்று வருடம் தட்டிய கதவு அவளுக்கு ஏழு வாரத்தில் எப்படித் திறந்தது என்று யோகராணி அத்தனை நாளும் தனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலமே மாற்றிக் கொடுத்தாள். ஒருமுறை போன இடம் மறுமுறை தெரியாது. பெயர் போய் எண் வந்தது. யாரும் கேட்காமலே இன்னொன்றையும் செய்தாள். மூன்றாவது கட்டத்தில் இருந்த இடியாப்பக் கடையை எடுத்துவிட்டு, அங்கே தபால் நிலையத்தை வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து லிந்தோய் விடுதி வராந்தாவில் அவளைப் பிடித்தாள். “அக்கா, சாச்சி கடை ஆப்புல காணோம்.”

“அப்டேட்ல போயிருக்கும்.”

“திரும்ப வருமா?”

“பார்ப்போம்.”

“பரவால்ல,” என்றாள் லிந்தோய். “எனக்கு வழி தெரியுமே.”

செயலி இல்லாமலே அவள் போனாள். கபடிக்குப் போனவனையும் பாட்டுக்குப் போனவனையும் அங்கிருந்தவர்கள் முகம் பார்க்காமல் திருப்பி அனுப்பினார்கள், அவர்கள் மறுவாரமே நனைந்தார்கள், குடங்கள் நிரம்பின. பாத்துமுத்து மட்டும் திருப்பி அனுப்பவில்லை. அதனால் ஊர் பாத்துமுத்துவிடம் பழகாமல் இருந்தது. காலையில் இடியாப்பம் வாங்க ஆள் வரவில்லை. தெருமுனைக்கு அவள் வந்தால் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவள் குடத்தை வரிசையிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தார்கள். அவள் அங்கேயே பிறந்தவள், அவளால் ஒரு சொட்டு மொள்ள முடியாது. லிந்தோயாலும் முடியாது, அவளைத்தான் பாத்துமுத்து காயவைத்துவிட்டாளே. மூன்று வாரம் பாத்துமுத்து மாவு பிசையவும் தண்ணீர் இல்லாமல் பொறுத்திருந்தாள். நாலாவது வாரம் லிந்தோய் வந்தபோது கதவு சாத்தியிருந்தது.

“சாச்சி, நான்தான்.”

உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

“சாச்சி?”

“கடை இல்ல இன்னிக்கு,” என்றது பாத்துமுத்துவின் குரல். “நாளைக்கும் இல்ல. போ பிள்ள.”

“உடம்பு சரியில்லையா? நான் பிழிஞ்சு தாரேன்.”

“நீ யாரு எனக்கு?” என்று பாத்துமுத்து கத்தினாள். தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள், தெருவுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கத்தினாள். “எங்க இருந்தோ வந்தவ. எனக்கும் உனக்கும் என்ன? போ!”

எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த பெண்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். லிந்தோய் கொஞ்சநேரம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு போனாள். கதவுக்குப் பின்னால் பாத்துமுத்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எதிர்வீட்டாருக்குத் தெரிய வழியில்லை.

அந்த ஞாயிறு ஊர் முழுவதும் படித்துறையில் நின்றது. லிந்தோய் யாரையும் பார்க்காமல் இறங்கினாள். ஐந்தாம் படி, ஆறாம் படி. தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டது, தொட்டுப் பிடித்துக்கொண்டது, உடுப்பு கறுத்து ஒட்டியது, முங்கி எழுந்தபோது முடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. படித்துறை முழுக்கக் கைதட்டினார்கள். சிலர் விசில் அடித்தார்கள். சண்முகக்கனி கும்பிட்டாள். அந்தக் கைதட்டலை விட அன்பான சத்தத்தை ஊர் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்ததில்லை.

அவள் அன்று மற்ற எல்லோரையும் விட அதிகமாக மொண்டாள். வரிசைக்கு வெளியே, சுவர் ஓரமாக இரண்டு குடங்களோடு பாத்துமுத்து நின்றிருந்தாள். லிந்தோய் முதலில் அந்த இரண்டு குடத்தையும்தான் வாங்கி நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள்.

“எடுத்துக்கிடுங்க,” என்றாள்.

‘எடுத்துக்கோ சாச்சி’ என்றுதான் அவள் எப்போதும் சொல்வாள். பாத்துமுத்து குடத்தைத் தூக்கவில்லை. வெகுநேரம் அந்த மரியாதையின் முன்னால் நின்றாள்.

மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போன லிந்தோய் திரும்பி வரவில்லை. அவளுடைய எண்ணை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தார்கள். யோகராணியின் செயலிக்கு மாநில அளவில் கேடயம் கிடைத்தது, புதியவர்களை ஊரோடு இணைத்ததற்காக என்று அதில் பொறித்திருந்தது. கல்லூரியில் அவளுக்கு வேலையும் ஆயிற்று. ஊருக்குள் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தார்கள், பால் காய்ச்சின அன்று தெருவே வந்தது, தெருவில் போனால் நாலு வாசலிலிருந்து “சாப்ட்டியா தாயி” என்று கேட்டார்கள். அவள் ‘ஆச்சு’ என்று சொல்லிச் சொல்லி நடந்தாள்.

அடுத்த ஆவணியில் புதிதாக அறுபது பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். நாலு மணிக்கு ஆறு வந்தது. யோகராணி குடத்தோடு போனவள், வெக்கை தாங்காமல், முகம் கழுவலாம் என்று குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள். கையில் ஒன்றும் இல்லை. இன்னொரு முறை அள்ளினாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள், சேலையின் மடிப்பு கலையாமல் இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் பார்த்துவிட்டு, “இப்பதான் தெரியுதா உனக்கு? போன மார்கழியிலயே காஞ்சுட்டியே!” என்று சிரித்தார்கள். ஒருத்தி அவள் தோளில் கைபோட்டுக்கொண்டாள். யோகராணிக்கு அழுகை வந்தது, கண்ணைத் துடைத்துப் பார்த்தாள், அதுவும் காய்ந்திருந்தது.

படியேறி வந்து அவர்களோடு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது, தலையிலிருந்து சொட்டச் சொட்ட ஒரு பெண் எதிரே வந்து நின்றாள். பதினெட்டு வயது இருக்கும், குளிரில் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது, யாராவது ஏதாவது கேட்பார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோகராணி அந்த முகத்தைப் பார்க்காமல் குடத்தை நீட்டினாள்.

“ஏ பிள்ள,” என்றாள். “இதையும் ரொப்பு.”